18 வயதில் கணவரை இழந்தவர், பக்ரா நங்கல் திட்டத்துக்கு வந்தது எப்படி? மின் பொறியாளர் அ.லலிதாவின் கதை

உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி போன்ற அமைப்புகளின் நிதியில் நடக்கும் மின் திட்டங்களில் இப்போது ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. இதில் பெண்களுக்கு என்ன இடம்? எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேருக்குப் பயிற்சி என்று திட்ட ஆவணத்திலேயே எழுதுகிறார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால், எண்ணிக்கையை எழுதிவிட்டால் போதுமா? ஒரு பெண் இந்தத் துறைக்குள் வந்து நிலைத்து நிற்க என்னவெல்லாம் தேவை?

இதற்குப் பதில் சொல்ல சென்னையிலேயே ஒரு வாழ்க்கை இருக்கிறது. இந்தியாவின் முதல் பெண் மின் பொறியாளர் எனக் கொண்டாடப்படும் அய்யலசோமயாஜுல லலிதாவின் வாழ்க்கை.

யார் இந்த லலிதா?

1919 ஆகஸ்ட் 27-ல் சென்னையில், ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் ஐந்தாவது. அப்பா பப்பு சுப்பாராவ், கிண்டி பொறியியல் கல்லூரியில் மின் பொறியியல் பேராசிரியர். படித்த குடும்பம்தான். ஆனாலும் அந்தக் கால வழக்கப்படி லலிதாவுக்கு 15 வயதிலேயே திருமணம் நடந்தது. திருமணத்துக்குப் பிறகும் பள்ளிப் படிப்பைத் தொடர்ந்தார்.

1937-ல் மகள் பிறந்தார். குழந்தைக்கு நான்கு மாதம் ஆனபோது கணவர் இறந்துவிட்டார். அப்போது லலிதாவுக்கு வயது 18.

கணவரை இழந்த பெண் வீட்டுக்குள்ளேயே ஒடுங்கிவிட வேண்டும், நல்ல காரியங்களில் முகம் காட்டக் கூடாது என்பதெல்லாம் எழுதப்படாத சட்டமாக இருந்த காலம் அது. லலிதா மறுமணம் செய்துகொள்ளவில்லை. மீண்டும் படிக்கப் போனார். ராணி மேரி கல்லூரியில் சேர்ந்து, இன்டர்மீடியட்டை முதல் வகுப்பில் முடித்தார்.

டாக்டர் ஆகாமல் இன்ஜினீயர் ஆனது ஏன்?

அன்றைக்குப் பெண்களுக்கு ஓரளவு திறந்திருந்த தொழில் படிப்பு மருத்துவம். லலிதாவும் அதை யோசித்தார். ஆனால், டாக்டர் என்றால் நள்ளிரவிலும் அழைப்பு வரும். கைக்குழந்தையை விட்டுவிட்டு ஓட வேண்டும். குறிப்பிட்ட நேரத்தில் போய், குறிப்பிட்ட நேரத்தில் வீடு திரும்பும் வேலை அவருக்குத் தேவைப்பட்டது. வீட்டில் அப்பாவும் சகோதரர்களும் இன்ஜினீயர்கள். அதனால் பொறியியல் பக்கம் மனம் போனது.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். பணிநேரம், குழந்தைப் பராமரிப்பு இரண்டும் வேலைக்குச் சேர்ந்த பிறகு வந்த பிரச்சினைகள் அல்ல. எந்தப் படிப்பை எடுப்பது என்பதையே அவைதான் தீர்மானித்தன.

கல்லூரிக் கதவு திறந்தது எப்படி?

கிண்டி பொறியியல் கல்லூரி, 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. லலிதா சேர விரும்பிய நாள்வரை அங்கே பெண் மாணவிகளே கிடையாது. சுப்பாராவ் கல்லூரி முதல்வர் கே.சி.சாக்கோவிடம் பேசினார். பொதுக் கல்வித் துறை இயக்குநர் ஆர்.எம்.ஸ்டாதம் ஒப்புதல் கொடுத்தார். லலிதாவுக்கு இடம் கிடைத்தது.

விடுதியில் தங்கிப் படித்தார். குழந்தையைச் சகோதரர் குடும்பம் பார்த்துக்கொண்டது. நூற்றுக்கணக்கான ஆண்களுக்கு நடுவில் ஒரே ஒரு பெண். வகுப்பில் பெரிய தொந்தரவு இல்லை என்றாலும், விடுதியில் தனிமை வாட்டியது. மற்ற பெண்களும் விண்ணப்பிக்கலாம் என்று கல்லூரி விளம்பரம் செய்ய, பி.கே.திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் என்ற இருவர் சிவில் இன்ஜினீயரிங்கில் சேர்ந்தார்கள். இந்தத் திரேசியாதான் 1971-ல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனவர். ஒருத்தருக்காகத் திறந்த கதவு வழியாக மூன்று பேர் வந்தார்கள்.

1943-44-ல் படிப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும் நேரத்தில் இன்னொரு சிக்கல். அச்சடித்த படிவத்தில் பட்டதாரியைக் குறிக்க 'ஹீ' என்ற ஆண்பால் சொல் மட்டுமே இருந்தது. அதைப் பேனாவால் அடித்துவிட்டு 'ஷீ' என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒரு பெண் இந்தச் சான்றிதழை வாங்க வருவாள் என்று யாருமே நினைத்துப் பார்த்ததில்லை.

வேலை எங்கே கிடைத்தது?

ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் ஓராண்டு பயிற்சி. பிறகு சிம்லாவில் மத்தியத் தர நிர்ணய அமைப்பில் பொறியியல் உதவியாளர் வேலை. அங்கே ஒரு சகோதரரின் வீட்டில் தங்க முடிந்தது. 1946 இறுதியில் அதை விட்டுவிட்டு, சென்னையில் அப்பாவின் ஆராய்ச்சிகளுக்கு உதவினார். புகையில்லா அடுப்பு, மின்சாரத்தில் இயங்கும் இசைக்கருவி என்று சுவாரஸ்யமான வேலைகள்தான். ஆனால், அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. சில மாதங்களில் வேறு வேலை தேடினார்.

1948-ல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தில் சேர்ந்தார். கல்கத்தாவைத் தேர்ந்தெடுக்கவும் காரணம் உண்டு. இன்னொரு சகோதரர் அங்கே இருந்தார். லலிதா அலுவலகம் போகும்போது அண்ணி குழந்தையைப் பார்த்துக்கொண்டார். சம்பளப் பட்டியலில் அண்ணியின் பெயர் கிடையாது. ஆனால், அந்த வேலை நடந்ததில் அவருக்கும் பங்கு உண்டு.

பக்ரா நங்கலில் என்ன செய்தார்?

அணையில் தண்ணீர் விழுந்து ஜெனரேட்டர் சுற்றினால் மட்டும் வீட்டில் விளக்கு எரிந்துவிடாது. உற்பத்தியாகும் மின்சாரத்தின் அழுத்தத்தை டிரான்ஸ்ஃபார்மர் மூலம் உயர்த்தி, நீண்ட தூரம் கடத்தி, துணை மின்நிலையத்தில் மறுபடி குறைத்துத்தான் ஊருக்குள் அனுப்ப முடியும். நடுவில் கோளாறு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவிகளும் வேண்டும்.

லலிதாவின் வேலை இந்த இடத்தில்தான். மின்கடத்தல் பாதைகளை வடிவமைப்பது, துணை மின்நிலையத்தில் எது எங்கே இருக்க வேண்டும் என்று திட்டமிடுவது, பாதுகாப்புக் கருவிகள் தொடர்பான பணிகள். சட்லஜ் நதியின் குறுக்கே சுமார் 226 மீட்டர் உயரத்தில் எழுந்த பக்ரா அணை, 1963-ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அந்தத் திட்டத்தின் மின் ஜெனரேட்டர்கள் தொடர்பான வேலை, அவர் செய்தவற்றில் பெயர் பெற்றது.

லண்டன் மின் பொறியாளர்கள் நிறுவனம் 1953-ல் இணை உறுப்பினராகவும், 1966-ல் முழு உறுப்பினராகவும் அவரை ஏற்றது. 1964-ல் நியூயார்க்கில் நடந்த முதல் சர்வதேசப் பெண் பொறியாளர், விஞ்ஞானிகள் மாநாட்டில் கலந்துகொண்டார். இந்தியாவில் அப்போது பெண் பொறியாளர்களுக்கென அமைப்பு எதுவும் இல்லாததால், தனிப்பட்ட முறையில்தான் போனார். அதோடு விடவில்லை. 1967-ல் கேம்பிரிட்ஜில் நடந்த இரண்டாவது மாநாட்டுக்கு இந்தியாவிலிருந்து ஐந்து பெண்கள் போவதற்கு உழைத்தார்.

ஏறத்தாழ 30 ஆண்டுகள் அதே நிறுவனத்தில் வேலை செய்து, 1977-ல் ஓய்வுபெற்றார். 1979 அக்டோபர் 12-ல், 60 வயதில் காலமானார்.

இன்று நிலைமை என்ன?

சர்வதேசப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முகமை 2019-ல் வெளியிட்ட ஆய்வின்படி, உலக அளவில் புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் துறை ஊழியர்களில் பெண்கள் 32 சதவீதம். எண்ணெய், எரிவாயுத் துறையில் 22 சதவீதம்தான். பரவாயில்லையே என்று தோணலாம். உள்ளே போய்ப் பார்த்தால் கதை வேறு. புதுப்பிக்கத்தக்க எரிசக்தியின் நிர்வாக வேலைகளில் பெண்கள் 45 சதவீதம். அறிவியல், பொறியியல் சார்ந்த வேலைகளில் 28 சதவீதம். அதாவது, லலிதா செய்த மாதிரியான வேலையில் இன்னும் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை.

லலிதா திறமைசாலி என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால், அவருக்கு அப்பா அதே கல்லூரியில் பேராசிரியர். அனுமதி கொடுக்க முன்வந்த அதிகாரிகள் இருந்தார்கள். போன ஊரிலெல்லாம் சகோதரர் வீடு இருந்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள அண்ணி இருந்தார். இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் நமக்கு அவர் பெயர் தெரியாமலே போயிருக்கலாம். அதே காலத்தில், அதே திறமையுடன், இந்த உதவிகள் இல்லாத பெண்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது.

அதனால், அடுத்த முறை ஒரு சோலார் பூங்காவோ காற்றாலைத் திட்டமோ பெண்களுக்கு இத்தனை சதவீதம் என்று அறிவித்தால், கூடவே சில கேள்விகளையும் கேட்கலாம். வேலை நடக்கும் இடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா? பாதுகாப்பான தங்குமிடம், இரவு ஷிஃப்ட்டுக்கு வண்டி உண்டா? குழந்தைகள் காப்பகம் எங்கே? எடுக்கும் ஆட்களில் பொறியாளர்கள் எத்தனை பேர், அலுவலக வேலைக்கு எத்தனை பேர்? லலிதாவுக்கு அவர் குடும்பம் செய்து கொடுத்ததை, குடும்பத்தின் துணை இல்லாத பெண்ணுக்கு அந்தத் திட்டம் செய்து கொடுக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.