கோபாலகிருஷ்ண பாரதியார்

நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளைக் கேளாத தமிழர் நம்மிற் சிலரே. அவற்றை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் நாகபட்டினத்தை அடுத்த நரிமணத்தில் தோன்றியவர். மாயூரத்தின் அருகே ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்தவர். இல்லறம் புகாது இசைக்கே தம்மை உரிமையாக்கினார். பெரிய புராணத்துத் திருநாளைப்போவார் வரலாற்றைப் பாடுங்கால், நந்தனாரைத் தில்லை செல்லவொட்டாது தடுக்கும் வேதியராகிய நிலக்கிழாரைத் தாமே படைத்துச் சேர்த்தார்.

இந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டித் தம் நண்பராகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை (1815–1876) நாடினார். இலக்கண வழுக்களும், மூலத்தினின்று விலகிய கதைப்போக்கும் பிள்ளையவர்களுக்கு உவப்பாயில்லை, பன்முறை காலந்தாழ்த்தினார். பாரதியாரோ சலியாது வந்தார். ஒருநாள் நண்பகலில் பிள்ளையவர்கள் கண்ணயர்ந்திருக்க, திண்ணையிற் காத்திருந்த பாரதியார் தம் கீர்த்தனையொன்றைத் தமக்குள்ளே பாடலானார். உள்ளிருந்து கேட்ட புலவர் நெஞ்சுருகிக் கண்ணீர் வடித்தார். தாமதித்தமைக்கு வருந்திப் பாயிரமும் அளித்தார்.

அக்கீர்த்தனைகள் கதாகாலட்சேபத்திலும் நாடக மேடையிலும் பரவின. 1935-லும் 1942-லும் நந்தனார் கதை திரைப்படமாயிற்று. பிள்ளையவர்கள் தம் இலக்கணத்தைக் கைவிட்டாரல்லர். அதற்கு அப்பாலும் ஒன்றுண்டென உணர்ந்தார். நூல்களில் வழுக் காணப் பயிலும் நாம், அத்தகைய செவியையும் பெறுவோமாக.