கடலின் பருவம் கணித்த முஅல்லிம்

கப்பலை வழிநடத்துபவரை நாம் மாலுமி என்கிறோம். இச்சொல் முஅல்லிம் என்னும் அரபிச் சொல்லின் திரிபேயாகும். ஓதிக்கொடுப்பவருக்கும் கலம் செலுத்துபவருக்கும் அரபிகள் ஒரே பெயரை வழங்கியது எத்துணைப் பொருத்தம் என்பதை அஹ்மத் இப்னு மாஜித் அவர்களின் வாழ்வை நோக்கின் உணர்வீர்கள்.

ஹிஜ்ரி ஒன்பதாம் நூற்றாண்டில், இன்றைய ராஸ் அல் கைமாவை அடுத்த ஜுல்ஃபாரில் தோன்றியவர் அவர். தந்தையும் பாட்டனாரும் செங்கடலில் புகழ்பெற்ற முஅல்லிம்கள். இப்னு மாஜித் இயற்றியவை ஏறத்தாழ நாற்பது, பெரும்பாலானவை செய்யுட்கள். கிப்லாவின் திசையை அறிவதற்கும் ஒரு செய்யுள் நூல் இயற்றினார். ஹிஜ்ரி 895இல் (கி.பி. 1490) நிறைவுற்ற 'கிதாபுல் ஃபவாயித்' என்னும் உரைநடை நூலே அவற்றுள் தலையாயது. பன்னிரண்டு பகுதிகள் கொண்ட அந்நூலின் பதினோராம் பகுதி, எந்தத் துறைமுகத்திலிருந்து எந்நாளில் பாய் விரிப்பது என்பதை வகுத்துரைக்கிறது.

நாள் குறிப்பதில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. நமது பிறைக்கணக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ பதினொரு நாள் முந்திவரும். ரமலான் கோடையிலும் வருகிறது, மாரியிலும் வருகிறது அல்லவா? காற்றோ கதிரவனைப் பின்பற்றுவது. ஆகவே நோன்புக்கும் ஹஜ்ஜுக்கும் பிறை பார்த்த கடலோடிகள், பயணத்திற்கு நவம்பரில் தொடங்கும் நைரூஸ் நாட்கணக்கைக் கைக்கொண்டனர். இப்னு மாஜித் அவர்களும் அதனையே ஆண்டார். மார்க்கத்திற்கு முரணாக அதில் ஏதுமில்லை.

தென்மேற்குக் காற்று இந்தியாவுக்குக் கொண்டுசேர்க்கும். ஆயினும் அது உச்சம் பெறும் ஜூன் முதல் ஏறத்தாழ தொண்ணூறு நாட்கள் மேலைக்கரைத் துறைகள் மூடுண்டு கிடக்கும். எனவே அதற்கு முன்னரே கரை சேர வேண்டும். இல்லையேல், காற்றின் வேகம் தணியும் ஆகஸ்ட் இறுதியில் ஏடனைவிட்டுப் புறப்பட வேண்டும். அரபு நாடு திரும்புவதற்கு வடகீழ்க் காற்று. நூறாம் நாளில், அதாவது மார்ச் 2 அளவில், இந்தியாவை விட்டுக் கிளம்புபவனை அறிவாளி என்கிறார். நூற்றுப்பத்தாம் நாளையும் ஏற்கிறார். நூற்றிருபதாம் நாளில் கிளம்புபவன் எல்லை மீறுகிறான். நூற்றுமுப்பதாம் நாளில் கிளம்புபவனோ அவரது கருத்தில் ஒன்றுமறியாத சூதாடி! ஒரு மாத இடைவெளியில் அறிவாளி சூதாடியாகிவிடுகிறான். பிறருடைய உயிரையும் சரக்கையும் சுமப்பவனிடம் அவர் இத்துணைக் கடுமை காட்டியது முறையே.

1498இல் வாஸ்கோ ட காமாவுக்கு வழிகாட்டியவர் இவரே என்று நம்மவரும் எழுதிவந்துள்ளனர். பல பத்தாண்டுகள் கழித்து மக்காவில் எழுதப்பட்ட ஒரு வரலாற்று நூலிலிருந்து எழுந்த கூற்று அது. வழிகாட்டியவர் குஜராத்தியர் என்றே போர்ச்சுகீசியப் பதிவுகள் கூறுகின்றன; ஆய்வாளர்களும் பழைய கூற்றை ஏற்பதில்லை.

அந்தக் குஜராத்தியரும் பருவம் அறிந்தவரே. ஏப்ரல் 24இல் மலிந்தியில் கிளம்பிய கப்பல்கள் இருபத்துமூன்று நாட்களில் இந்தியக் கரையைக் கண்டன. திரும்புகையில் காமா காற்றுக்குக் காத்திராமல், வடகீழ்க் காற்று நிலைபெறும் முன்பே, அக்டோபர் 5இல் அஞ்சதீவை விட்டுக் கிளம்பினார். ஆப்பிரிக்கக் கரை கண்ணில் பட்டது 1499 ஜனவரி 2இல். அம்மூன்று மாதங்களில் ஏறத்தாழ முப்பது பேர் நோயால் மாண்டனர். மூன்று கப்பல்களைச் செலுத்த ஆளின்றி, மலிந்திக்கு அப்பால் ஒன்றைத் தாமே தீயிட்டுக் கொளுத்தினர்.