ஜான்சனின் காலடிக் கணக்கு

ஆங்கில மொழிக்குப் பேரகராதி ஒன்றைத் தந்த சாமுவேல் ஜான்சன், எந்த வாயிலைக் கடப்பதாயினும் அதற்குமுன் தம் காலடிகளை எண்ணுவார். குறித்த இடத்தில் குறித்த கால் விழ வேண்டும் என்பது அவருக்குள் இருந்த விதி. கணக்குப் பிசகினால் பின்னோக்கிச் சென்று மீண்டும் நடந்து வருவார். உள்ளே சரியாகப் புகுந்த பின்னரே விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார். தெருவோரக் கம்பங்களைத் தொட்டுக்கொண்டே நடப்பதும் உண்டு. ஒன்று விடுபட்டதாகத் தோன்றினால் திரும்பிச் சென்று அதனைத் தொட்டுவிட்டு வருவார். உடன் வந்தவர் அதுவரை காத்து நிற்பார். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்க நண்பர் எவருக்கும் துணிவு வந்ததில்லை என்று அவர் வரலாற்றை எழுதிய ஜேம்ஸ் பாஸ்வெல் குறிப்பிடுகிறார்.

ஜான்சன் 1709ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லிச்ஃபீல்டு நகரில் ஒரு புத்தக வணிகரின் மகனாகப் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே கண்டமாலை நோய் தாக்கியது. பார்வையும் செவிப்புலனும் குன்றின. அரசர் தொட்டால் அந்நோய் தீரும் என்று அந்நாட்டினர் நம்பினர். ஆகவே 1712இல் தாய் அவரை இலண்டனுக்குக் கொண்டு சென்றார். ஆன் அரசியார் குழந்தையைத் தொட்டு வாழ்த்தினார். நோய் தீரவில்லை.

1728இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் பெம்புரோக் கல்லூரியில் சேர்ந்தார். கட்டணம் செலுத்தப் பணமின்மையால் ஏறத்தாழ பதின்மூன்று மாதங்களில் படிப்பு நின்றுபோயிற்று. அப்போது அவருக்கு வயது இருபது. பெருந்துயர் ஒன்று அவரைக் கவ்வியது. தாம் பித்தராகிவிடுவோமோ என்ற அச்சம் வாழ்நாள் முழுவதும் அவரை விட்டு அகலவில்லை. தம் மனநிலையை இலத்தீன் மொழியில் விரிவாக எழுதி, தம் ஞானத்தந்தையாகிய மருத்துவர் ஸ்வின்ஃபெனிடம் கொடுத்தார். மருத்துவரோ அந்நடையின் அழகில் மயங்கி அதனைப் பிறருக்கும் காட்டினார். நம்பிச் சொன்னது ஊரறியச் செய்யப்பட்டதை அறிந்து ஜான்சன் உள்ளம் நொந்தார்.

அவருடைய தலை ஆடும், முகம் கோணும், உடல் முன்னும் பின்னும் அசையும், வாய் பொருளற்ற ஒலிகளை எழுப்பும். 1735இல் ஒரு பள்ளித் தலைமைப் பதவிக்கு விண்ணப்பித்தபோது, முகக்கோணலை அவரால் தவிர்க்க முடியவில்லை என்பதையும், அது மாணவரைப் பாதிக்கலாம் என்பதையும் காரணமாகக் காட்டி மறுத்துவிட்டனர். பின்னர்த் தாமே தொடங்கிய பள்ளியில் சில மாணவர்களே சேர்ந்தனர். அவர்களுள் ஒருவரான டேவிட் காரிக் ஆசிரியரின் அசைவுகளை நடித்துக் காட்டித் தோழர்களைச் சிரிக்க வைத்தார். பிற்காலத்தில் இங்கிலாந்தின் புகழ்பெற்ற நடிகரானவரும் அவரே. பள்ளி நிலைக்கவில்லை. 1737இல் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்தே இலண்டனுக்குப் பயணமாயினர்.

1746இல் அகராதிப் பணி ஒப்பந்தமாயிற்று. மூன்றாண்டுகளில் முடிப்பதாக எண்ணியது ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் நீண்டது. கஃப் சதுக்க வீட்டின் மேல்மாடத்தில் எழுத்தர் அறுவர் துணையோடு அவர் உழைத்தார். இடையில், 1752இல், மனைவி எலிசபெத் மறைந்தார். 1755 ஏப்ரலில் வெளியான அகராதியில் 42,773 சொற்களும், அவற்றை விளக்க ஏறத்தாழ 1,14,000 மேற்கோள்களும் இடம்பெற்றன.

ஓவியர் ஹோகார்த் ஒருமுறை நாவலாசிரியர் ரிச்சர்ட்சனின் இல்லத்தில், சாளரத்தருகே தலையை ஆட்டியபடி நின்ற ஒருவரைக் கண்டு, உறவினர் ஒப்படைத்துச் சென்ற அறிவிலி என்று கருதினார். சிறிது நேரத்தில் அந்த மனிதர் அருகில் வந்து வாதிடத் தொடங்கினார். அந்தச் சொல்வன்மை ஹோகார்த்தைத் திகைக்க வைத்தது. பேசியவர் ஜான்சன்.

இவ்வசைவுகளை எவ்வாறு விளங்கிக்கொள்வது? ஓவியர் ஜோசுவா ரெனால்ட்ஸ் இவற்றைப் பழக்கம் என்றே கருதினார். படம் வரைய அமரச் சொன்னால் ஜான்சனால் பிறரைப் போலவே அசையாமல் இருக்க முடிந்தது என்பதே அவர் காட்டிய சான்று. ஜான்சனும் தம்மையே குற்றவாளியாக்கிக் கொண்டார். புத்தாண்டிலும் பிறந்தநாளிலும் புதிய உறுதிகளை எழுதுவதும், அவை நிறைவேறாதபோது இறைவனிடம் மன்றாடுவதுமாகப் பல பக்கங்கள் எஞ்சியுள்ளன.

ஜான்சன் மறைந்து நூறாண்டுகளுக்குப் பின், 1885இல், பிரெஞ்சு மருத்துவர் டூரெட், தம்மை மீறிய அசைவுகளும் ஒலிகளும் கொண்ட ஒன்பது பேரைப் பற்றி எழுதினார். அந்நிலைக்கு அவர் பெயரே வழங்கலாயிற்று. 1979இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த ஒரு கட்டுரை ஜான்சனுக்கு இருந்ததும் இதுவே எனக் கருதியது. டூரெட் நிலை உடையோரிடம், செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யத் தூண்டும் எண்ணச் சுழற்சி நோயும் அடிக்கடி காணப்படுகிறது. இவ்வசைவுகளைச் சிறிது நேரம் அடக்கிவைக்க முடியும் என்பது இந்நிலையின் அடையாளங்களுள் ஒன்று. ரெனால்ட்ஸ் பழக்கத்திற்குச் சான்றாகக் காட்டியது உண்மையில் நோய்க்கே சான்றாயிற்று!

கதவைப் பூட்டியபின் இழுத்துப் பார்க்கிறோம், பூட்டியாயிற்று என்ற நிறைவு தோன்றுகிறது, நகர்ந்துவிடுகிறோம். இச்சிறு செயலுக்குப் பின்னே மூளையில் ஒரு வட்டப்பாதை இயங்குகிறது. கண்குழிக்கு மேலுள்ள முன்மூளைப் பகுதி ஏதோ தவறு என எச்சரிக்கிறது. மூளையின் ஆழத்திலுள்ள காடேட் என்னும் நரம்புத் திரள் அவ்வெச்சரிக்கையைச் சலித்து அனுப்புகிறது. தாலமஸ் அதனை மீண்டும் முன்மூளைக்குச் சேர்க்கிறது. எண்ணச் சுழற்சி நோயில் இப்பாதை ஓய்வதில்லை என்பது அறிவியலாளர் பலரின் கருத்து. பூட்டியது கண்ணுக்குத் தெரியும், அறிவுக்கும் தெரியும், முடிந்தது என்ற நிறைவு மட்டும் தோன்றாது. 1980களில் எடுக்கப்பட்ட மூளைப் படங்கள் இப்பகுதிகள் மிகையாக இயங்குவதைக் காட்டின. 1992இல் வெளியான ஓர் ஆய்வில், மருந்தால் குணமடைந்தோருக்கும், மருந்தின்றி நடத்தைப் பயிற்சியால் குணமடைந்தோருக்கும் காடேட்டின் மிகை இயக்கம் ஒன்றுபோலத் தணிந்திருந்தது. உடல் சார்ந்த நோய்க்கு உடலுக்குள் செல்லும் மருந்து மட்டுமே தீர்வு என்று எண்ணுவோர் இதனைக் கருத வேண்டும்.

செரோட்டோனின் என்னும் வேதிப்பொருளின் செயலை மிகுவிக்கும் மருந்துகள் பலருக்கு நலம் தருகின்றன. அதனால் அப்பொருளின் குறைவே நோய்க்குக் காரணம் என முடிவு கட்டலாகாது. மாத்திரையால் தலைவலி தீர்ந்தால், உடலில் மாத்திரை குறைந்ததால் தலைவலி வந்தது என்போமா? மரபுக்கும் பங்கு உண்டு. ஒரு கரு இரட்டையருள் ஒருவருக்கு இந்நோய் இருப்பின் மற்றவருக்கும் வரும் வாய்ப்பு, இரு கரு இரட்டையரைவிட மிகுதி. எனினும் ஒரு கரு இரட்டையருள்ளும் ஒருவருக்கு மட்டும் வருவது உண்டு.

ஜான்சனின் வாழ்வு முழுவதையும் இவ்வட்டப்பாதைக்குள் அடக்கிவிடுதலும் பொருந்தாது. இளமையில், உட்டாக்சிட்டர் சந்தையின் புத்தகக் கடைக்குச் செல்லுமாறு தந்தை கேட்டபோது, செருக்கினால் மறுத்தார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து அச்சந்தைக்குச் சென்று, கடை இருந்த இடத்தில், மழையில் வெறுந்தலையோடு நெடுநேரம் நின்றார். அதனை நோயின் அறிகுறி என்று எழுத மனம் ஒப்பவில்லை.

1784 டிசம்பர் 13ஆம் நாள் ஜான்சன் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். நண்பர்கள் கேட்கத் துணியாத கேள்வியை அவரிடம் ஒருமுறை ஒரு சிறுமி கேட்டுவிட்டாள். ஏன் இப்படி அசைகிறீர்கள் என்றாள். அவர் சினங்கொள்ளவில்லை. தீய பழக்கத்தால் வந்தது என்று கனிவோடு விடையளித்து, அத்தகைய பழக்கங்கள் அணுகாமல் பார்த்துக்கொள்ளுமாறு அவளுக்கு அறிவுரையும் கூறினார்.