ஒரு தேர்தலில்கூட ஜெயிக்கவில்லை. ஆனால் நியூயார்க்கின் மைதானங்கள் இவர் கையில்! யார் இந்த ராபர்ட் மோசஸ்?

1955-ல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி முதல் முறையாக பேஸ்பால் உலகத் தொடரை வென்றது. ஊரே தெருவில் இறங்கிக் கொண்டாடியது. சரியாக இரண்டே வருடத்தில், 1957 அக்டோபர் 8-ம் தேதி, அந்த அணி லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போவதாக அறிவிப்பு வந்தது. நாட்டின் இன்னொரு முனைக்கு! அணியின் உரிமையாளர் வால்டர் ஓ'மாலியை புரூக்ளின் மக்கள் பல வருடம் திட்டித் தீர்த்தார்கள். அந்தக் கோபத்தில் ஒரு பங்கு வேறொருவருக்கும் போயிருக்க வேண்டும் என்று பிறகுதான் பேச ஆரம்பித்தார்கள். அவர்தான் ராபர்ட் மோசஸ்.

மைதானம் யாருடையது? அரசு கட்டி வாடகைக்கு விட வேண்டுமா, தனியார் சொந்தக் காசில் கட்டிக்கொள்ள அரசு நிலம் மட்டும் பிடித்துக் கொடுக்க வேண்டுமா? இன்றும் பல நகரங்களில் ஓடும் இந்தச் சண்டைக்கு, மோசஸின் வாழ்க்கையைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

கார் ஓட்டத் தெரியாத நெடுஞ்சாலை மனிதர்

1888 டிசம்பர் 18-ல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் வசதியான யூதக் குடும்பத்தில் பிறந்தவர் மோசஸ். யேல், ஆக்ஸ்போர்டு, கொலம்பியா என்று பெரிய பெரிய இடங்களில் படித்து, 1914-ல் முனைவர் பட்டம் வாங்கினார். நேர்மையான நிர்வாகம், திறமைக்கு வேலை என்று பேசிக்கொண்டிருந்த லட்சியவாதி. அதை வைத்துக்கொண்டு நியூயார்க் அரசியலில் ஒன்றும் நடக்காது என்பது சீக்கிரமே புரிந்துவிட்டது.

ஆளுநர் அல் ஸ்மித்திடம் வேலைக்குச் சேர்ந்த பிறகு மனிதர் அடியோடு மாறினார். சட்ட மசோதாக்களை எழுதுவதில் கில்லாடி. தனக்கு அதிகாரம் தரும் வரிகளை யாரும் கவனிக்காத இடத்தில் செருகிவிடுவார். 1924-ல் லாங் ஐலண்ட் பூங்கா ஆணையத்தின் தலைவரானார். 1929-ல் ஜோன்ஸ் பீச் என்ற பிரம்மாண்டமான பொதுக் கடற்கரைப் பூங்காவைத் திறந்தார். 1934-ல் நியூயார்க் நகரின் ஐந்து பகுதிகளுக்கும் சேர்த்து ஒரே பூங்கா ஆணையர் என்ற பதவி உருவானபோது, அந்த நாற்காலியில் உட்கார்ந்தவரும் இவர்தான். அதே வருடம் ஆளுநர் தேர்தலில் நின்று படுதோல்வி அடைந்தார். அதோடு ஓட்டு கேட்கும் ஆசையை விட்டுவிட்டார்.

ஓட்டு இல்லாமல் இவ்வளவு அதிகாரம் எப்படி? பதில்: பாலச் சுங்கம். டிரைபரோ பாலத்தைக் கட்டிய ஆணையத்துக்கும் தலைவர் மோசஸ்தான். பாலத்தைக் கடக்கும் ஒவ்வொரு காரும் காசு கொடுத்தாக வேண்டும். அந்த வருமானத்தைக் காட்டிக் கடன் பத்திரங்கள் வெளியிட்டார். பத்திரம் வாங்கியவர்களுக்கும் ஆணையத்துக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் ஆணையத்தின் அதிகாரங்களையும் சேர்த்து எழுதிவிட்டார். ஒப்பந்தங்களை மாநில அரசு முறிக்கக் கூடாது என்று அமெரிக்க அரசியலமைப்புச் சட்டமே சொல்கிறது. அப்புறம் மேயர் என்ன செய்ய முடியும், ஆளுநர்தான் என்ன செய்ய முடியும்? இத்தனைக்கும் இவருக்குக் கார் ஓட்டவே தெரியாது.

நல்ல கணக்கும் இருந்தது

பொதுச் சொத்தை யார் அனுபவிக்கிறார்கள் என்பதில் மோசஸ் ஆரம்பத்தில் கறாராகவே இருந்தார். சென்ட்ரல் பார்க்குக்குள் கேசினோ என்று ஓர் ஆடம்பர உணவு விடுதி இருந்தது. முந்தைய மேயர் ஜிம்மி வாக்கரின் ஆட்கள் அதை வருடத்துக்கு வெறும் 8,500 டாலர் வாடகைக்கு எடுத்து, பணக்காரர்களின் கூடாரமாக மாற்றியிருந்தார்கள். மோசஸ் அதை இடித்துத் தள்ளி, குழந்தைகள் விளையாடும் இடமாக மாற்றினார். வாக்கரோடு இருந்த பழைய பகையும் அந்த இடிப்பில் கலந்திருந்தது என்பது வேறு கதை. இன்று அதே இடத்தில்தான் கோடைக்காலத்தில் சம்மர்ஸ்டேஜ் இசை நிகழ்ச்சிகள் நடக்கின்றன.

1936 கோடையில் மட்டும் 11 பெரிய பொது நீச்சல் குளங்களைத் திறந்தார். பொருளாதார மந்தநிலைக் காலம். வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்க மத்திய அரசு கொட்டிய பணத்தை இவரைவிட வேகமாக வாங்கிச் செலவழித்தவர் யாரும் இல்லை. உடை மாற்றும் கட்டடங்களைக் குளிர்காலத்தில் உடற்பயிற்சிக் கூடமாக மாற்றிக்கொள்ளும்படி வடிவமைத்தது நல்ல யோசனை. கட்டடம் வருடம் முழுக்கப் பயன்பட வேண்டும் இல்லையா? அதே சமயம், கறுப்பின மக்களை இந்தக் குளங்களிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் தள்ளி வைக்கவே பார்த்தார் என்ற குற்றச்சாட்டு அவர் பெயரில் ஆழமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதில் எவ்வளவு உண்மை என்று வரலாற்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

அதே வருடம் ஜூலை 11. டிரைபரோ பாலம் திறக்கப்பட்ட அன்றே, அதன் கீழிருந்த ராண்டல்ஸ் தீவில் புது மைதானமும் திறக்கப்பட்டது. ஒலிம்பிக் தகுதிப் போட்டிகள் அங்கேதான் நடந்தன. ஜெஸ்ஸி ஓவன்ஸ் ஓடித் தகுதி பெற்றார். அடுத்த மாதம் பெர்லினில் நான்கு தங்கம். பாலம், மைதானம், உலகத்தின் வேகமான மனிதர் - எல்லாம் ஒரே நாளில். விளம்பரத்தில் மோசஸை யாரும் அடித்துக்கொள்ள முடியாது.

ஆனால் ரிப்பன் வெட்டிய பிறகு என்ன ஆகும்? 1975-ல் கால்பந்து மன்னன் பெலே நியூயார்க் காஸ்மோஸ் அணிக்காக முதல் போட்டி ஆடியது இதே மைதானத்தில்தான். அப்போது புல் இல்லாமல் மண் தெரிந்த இடங்களில் எல்லாம், டி.வி.யில் நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பச்சை பெயின்ட் அடித்திருந்தார்கள்! 2002-ல் அந்த மைதானத்தை இடித்தார்கள். கட்டுவதற்குக் கிடைக்கும் பணமும் கைதட்டலும் பராமரிப்புக்குக் கிடைப்பதில்லை.

புல்லுக்கு யார் காசு தருவது?

பராமரிப்புச் செலவை வைத்தே மோசஸ் ஒரு முறை மூக்குடைபட்டார். ஜோசப் பாப் என்ற இளம் நாடக இயக்குநர் சென்ட்ரல் பார்க்கில் ஷேக்ஸ்பியர் நாடகங்களை இலவசமாக நடத்திக்கொண்டிருந்தார். கூட்டம் மிதித்துப் புல் அழிகிறது, அதனால் டிக்கெட் போட்டு நகரத்துக்குப் பங்கு கொடுத்தே ஆக வேண்டும் என்று 1959-ல் மோசஸ் தரப்பு நெருக்கியது. பாப் மறுத்து நீதிமன்றம் போனார். மேல்முறையீட்டு நீதிமன்றம் பாப் பக்கம் நின்றது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் சுவாரசியம். தோற்ற மோசஸ், அதே நாடகக் குழுவுக்குப் பூங்காவிலேயே நிரந்தர அரங்கம் கட்ட நகரத்திடம் பணம் கேட்டார்! 1962-ல் டெலகோர்ட் திறந்தவெளி அரங்கம் திறக்கப்பட்டது. அங்கே நாடகம் பார்க்க இன்றும் காசு வாங்குவதில்லை. இலவச டிக்கெட்டுக்குக் காத்திருப்பது அந்த ஊரில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

டாட்ஜர்ஸ் விவகாரத்தில் என்ன நடந்தது?

இப்போது புரூக்ளினுக்கு வருவோம். டாட்ஜர்ஸ் ஆடிய எபெட்ஸ் ஃபீல்டு 1913-ல் திறந்த மைதானம். சுமார் 32,000 பேர் உட்காரலாம். கார் நிறுத்த சில நூறு இடங்கள்தான். ரசிகர்கள் புறநகருக்குக் குடிபோய்க் காரில் வர ஆரம்பித்த காலம் அது. ஓ'மாலி கண் வைத்தது, அட்லாண்டிக் அவென்யூவும் ஃபிளாட்புஷ் அவென்யூவும் சந்திக்கும் இடத்தின் மேல். ரயில், சுரங்க ரயில் எல்லாம் அங்கே வந்து சேரும்.

அவர் கேட்டது இதுதான்: மைதானத்தை என் காசில் நானே கட்டிக்கொள்கிறேன், நிலத்தை மட்டும் அரசு கையகப்படுத்தி எனக்கு விற்கட்டும். தனித்தனி உரிமையாளர்களிடம் போய் வாங்கினால் விலை எகிறிவிடும் என்பது அவர் கவலை. 1949-ம் வருட வீட்டுவசதிச் சட்டத்தின் முதல் பிரிவு இதற்கு வழி வைத்திருந்தது. அரசு சந்தை விலையில் நிலத்தை வாங்கி, பழைய கட்டடங்களை அகற்றி, குறைந்த விலைக்குத் தனியாருக்கு விற்கும். நஷ்டத்தில் மூன்றில் இரண்டு பங்கை மத்திய அரசு ஏற்கும். நியூயார்க்கில் இந்தச் சட்டத்தின் சாவி யாரிடம்? குடிசை அகற்றும் குழுவின் தலைவர் மோசஸிடம்.

அவர் மறுத்துவிட்டார். தனியார் அணியின் லாபத்துக்காகப் பொது அதிகாரத்தைப் பயன்படுத்துவது சட்டம் சொல்லும் பொது நோக்கத்தில் வராது, போக்குவரத்தும் நாறிவிடும் என்பது அவர் வாதம். சட்டப்படி பார்த்தால் அதில் நியாயம் இருந்தது. ஆனால் அதே மோசஸ்தான் அதே சட்டத்தை வைத்து கொலம்பஸ் சர்க்கிளில் கொலிசியம் என்ற கண்காட்சி மண்டபத்தை 1956-ல் திறந்தார். சட்டம் வீடுகளைக் கேட்டதால் பக்கத்தில் குடியிருப்பையும் சேர்த்துக் கட்டினார். லிங்கன் சென்டர் கலையரங்க வளாகத்துக்காக ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் காலி செய்ய வைத்ததும் இதே சட்டம்தான். மனம் இருந்தால் சட்டத்தில் வழி கண்டுபிடிக்கத் தெரிந்தவர்தான் அவர். இங்கே மனம் இல்லை.

மோசஸ் வைத்த மாற்று யோசனை: குயின்ஸ் பகுதியில் ஃபிளஷிங் மெடோஸ். ஒரு காலத்தில் சாம்பல் கொட்டும் குப்பைமேடு. 1939 உலகக் கண்காட்சிக்காக அவரே சீர்திருத்திய இடம். அங்கே நகரமே மைதானம் கட்டும், டாட்ஜர்ஸ் வாடகைக்கு ஆடலாம். ஓ'மாலிக்கு வாடகைக்காரராக இருக்க இஷ்டமில்லை. குயின்ஸில் ஆடினால் அது புரூக்ளின் அணியே இல்லை என்பதும் அவர் எண்ணம். 1956-லும் 1957-லும் சில போட்டிகளை ஜெர்சி சிட்டிக்குக் கொண்டுபோய் மிரட்டிப் பார்த்தார். மோசஸ் அசையவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரமோ சுமார் 300 ஏக்கர் நிலத்தோடு கூப்பிட்டது. அந்த சாவேஸ் ரவீனில் வாழ்ந்த மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே விரட்டப்பட்டிருந்தன. வேறு திட்டத்துக்காக எடுத்த நிலம் கடைசியில் பேஸ்பாலுக்குப் போனது.

1960-ல் எபெட்ஸ் ஃபீல்டை இடித்து, அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டினார்கள்.

மோசஸ் கேட்ட மைதானம் வந்தது

டாட்ஜர்ஸும் ஜயன்ட்ஸும் ஒரே நேரத்தில் கலிஃபோர்னியாவுக்குப் போனதும் நகரம் பதறியது. புது அணி வேண்டும் என்றால் புது மைதானம் வேண்டும். மோசஸ் சொன்ன அதே ஃபிளஷிங் மெடோஸில், நகரத்தின் காசில், ஷே மைதானம் எழுந்தது. மெட்ஸ் அணி 1961-ல் 30 வருடக் குத்தகையில் கையெழுத்திட்டது. வாடகை வருடத்துக்கு 4.5 லட்சம் டாலர். அதுவும் வருடா வருடம் குறைந்து 3 லட்சத்துக்கு வரும்.

ஒரு நிமிடம் கணக்குப் போட்டுப் பாருங்கள். மைதானத்தின் செலவு சுமார் 2 கோடியே 85 லட்சம் டாலர். வாடகை குறையவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் 30 வருடத்தில் வருவது 1 கோடியே 35 லட்சம். அசலில் பாதிகூட இல்லை, வட்டி தனி. வேறு வருமானங்கள் உண்டுதான். ஆனாலும், அணிக்குச் சொந்த மைதானம் கட்டிக்கொள்ள நிலம் பிடித்துத் தருவது பொதுப் பணத்தை வீணாக்குவது என்று மறுத்தவரின் யோசனை, கடைசியில் நகரத்தின் தலையிலேயே முழுக் கட்டுமானக் கடனையும் ஏற்றியது. ஓ'மாலியோ தன் மைதானத்தை லாஸ் ஏஞ்சல்ஸில் சொந்தக் காசில் கட்டி 1962-ல் திறந்தார். அது இன்றும் ஓடுகிறது.

ஷே மைதானம் 1964 ஏப்ரல் 17-ல் திறந்தது. பேஸ்பாலுக்கும் அமெரிக்கக் கால்பந்துக்கும் ஏற்றபடி கீழ்த்தட்டு இருக்கைகள் தண்டவாளத்தில் நகரும். பக்கத்திலேயே விமான நிலையம். தலைக்கு மேல் இரைச்சல். 1965-ல் பீட்டில்ஸ் அங்கே பாடியபோது 55,000-க்கும் மேல் கூட்டம். 1975-ல் யாங்கி மைதானத்தில் புதுப்பிப்பு வேலை நடந்ததால், பேஸ்பாலில் இரண்டு, கால்பந்தில் இரண்டு என நான்கு அணிகளும் இங்கேயே ஆடின. எந்த மைதானம் இதைத் தாங்கும்? 1983-க்குப் பிறகு ஜெட்ஸ் அணி நியூ ஜெர்சிக்குப் போய்விட்டது. மைதானத்தின் மோசமான நிலையும் அதற்கு ஒரு காரணம்.

கடைசிக் கண்காட்சி

ஷே திறந்த ஐந்தாவது நாள், பக்கத்திலேயே 1964 உலகக் கண்காட்சி தொடங்கியது. அதற்கும் மோசஸ்தான் தலைவர். 7 கோடிப் பேர் வருவார்கள், அந்த லாபத்தில் ஃபிளஷிங் மெடோஸை மாபெரும் பூங்காவாக்கலாம் என்பது கனவு. வந்தது சுமார் 5.1 கோடி. லாபம் இல்லை, கடன் கொடுத்தவர்களுக்கே முழுப் பணம் திரும்பவில்லை. 1968-ல் ஆளுநர் நெல்சன் ராக்ஃபெல்லர் டிரைபரோ ஆணையத்தைப் பெரிய போக்குவரத்து ஆணையத்தோடு இணைத்தார். சுங்கப் பணம் கைவிட்டுப் போனது, அதிகாரமும்தான். 1974-ல் ராபர்ட் காரோ எழுதிய தடிமனான வாழ்க்கை வரலாறு அவருடைய மரியாதையைக் கிழித்துத் தொங்கவிட்டது. 1981 ஜூலை 29-ல், 92 வயதில் இறந்தார்.

கண்காட்சிக்காகக் கட்டிய சிங்கர் பவுல் அரங்கம் பிறகு லூயி ஆம்ஸ்ட்ராங் மைதானமாக மாறியது. 1978 முதல் யு.எஸ். ஓப்பன் டென்னிஸ் நடப்பது அந்த வளாகத்தில்தான். நிலம் நகரத்துடையது, டென்னிஸ் சங்கம் குத்தகைக்காரர். ஓ'மாலி கேட்ட சந்திப்பில் 2012-ல் பார்க்லேஸ் சென்டர் உள்ளரங்கம் திறந்தது. இந்த முறை மாநில அமைப்பே நிலத்தைக் கையகப்படுத்திக் கொடுத்தது. எதிர்த்து வழக்கு போட்டவர்கள் நீதிமன்றத்தில் தோற்றார்கள்.

ஷே மைதானம் 2009-ல் இடிபட்டது. பக்கத்தில் எழுந்த சிட்டி ஃபீல்டின் முகப்பு, அப்படியே பழைய எபெட்ஸ் ஃபீல்டை நினைவுபடுத்தும்படி கட்டப்பட்டிருக்கிறது. ஷே இருந்த இடம் இப்போது பார்க்கிங். பேஸ்கள் இருந்த இடங்களை மட்டும் தரையில் அடையாளம் போட்டு வைத்திருக்கிறார்கள்.