மின்னலுக்குக் கணக்கு எழுதியவர்



டேட்டா சென்டர்களின் மின்சாரப் பாதுகாப்பைக் கவனிக்கும் இன்ஜினியர் நான். மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதச் சொன்னால் வேறு யாரை எழுதுவேன்? சார்லஸ் ஸ்டைன்மெட்ஸைத்தான்!

ஜெனரேட்டரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டுப் பத்தாயிரம் டாலருக்கு பில் அனுப்பினார் என்று ஒரு கதை உண்டு. நம் வகுப்புகளில் அதைக் கேட்காதவர் யார்? அந்தக் கதையை ஓரமாக வைத்துவிடுங்கள். அவர் வாழ்க்கை அதைவிடப் பெரியது.

1865 ஏப்ரல் 9-ந் தேதி, அன்று பிரஷ்யாவிலும் இன்று போலந்திலும் இருக்கும் பிரெஸ்லாவ் நகரில் பிறந்தார். பிறவியிலேயே கூன் முதுகு. தகப்பனாருக்கும் பாட்டனாருக்கும் இருந்த அதே குறை. சுமார் நாலடி உயரம்தான். ஆனால் கணக்கில் புலி! சோஷலிஸ்ட் பத்திரிகை வேலையில் ஈடுபட்டதால் போலீஸ் தொல்லை வந்தது. டாக்டர் பட்டம் கைக்கு எட்டும் தறுவாயில், 1888-ல் ஊரை விட்டே கிளம்ப வேண்டியதாயிற்று.

ஜூரிச்சில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு 1889-ல் நியூயார்க்கில் வந்து இறங்கினார். கையில் காசு இல்லை, இங்கிலீஷ் சரியாக வராது, உடம்பும் இப்படி. அதிகாரிகள் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். கூட வந்த நண்பர் பொறுப்பேற்றுப் பேசியதால்தான் உள்ளே விட்டார்கள்.

யாங்கர்ஸ் ஊரில் ஐக்மேயர் என்பவரின் தொழிற்சாலையில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை கிடைத்தது. 1892-ல் இரும்பில் ஏற்படும் ஹிஸ்டரிசிஸ் இழப்பை முன்கூட்டியே கணக்கிடும் விதியைத் தந்தார். 1893-ல் சிகாகோ மாநாட்டில், ஏ.சி. சர்க்யூட்டைக் காம்ப்ளெக்ஸ் எண்களால் எளிதாகப் போட்டுக் காட்டினார். நாமெல்லாம் பரீட்சையில் ‘ஜே’ போட்டு எழுதினோமே, அந்த வழிதான்! ஜெனரல் எலக்ட்ரிக் அந்தத் தொழிற்சாலையை வாங்கியபோது இவரும் அங்கே போனார். பிறகு ஸ்கெனெக்டடி நகரமே அவர் ஊராயிற்று.

ஒழுங்காக ஓடும் மின்சாரத்துக்குக் கணக்கு கிடைத்துவிட்டது. ஷார்ட் சர்க்யூட் ஆகும் அந்தக் கணத்துக்கு? கரண்ட் உடனே ஒரு நிலைக்கு வராது. முதல் சில சுற்றுகளில் ஒருபக்கமாகச் சாய்ந்து எகிறும், பிறகு தணியும். பிரேக்கர் தாங்க வேண்டியது அந்த முதல் எகிறலை! இப்படி வந்து மறையும் நிலைகளுக்கென்றே 1909-ல் ஒரு பெரிய புத்தகம் எழுதினார். 1920-ல் மின் நிலையங்களின் ஸ்திரத்தன்மை பற்றி ஒரு கட்டுரையும் வெளியிட்டார்.

அவருடைய ஆற்றங்கரைக் குடிலில் ஒருமுறை இடி விழுந்து கண்ணாடி சுக்குநூறானது. மனிதர் துண்டுகளைப் பொறுக்கி, ஒன்றோடொன்று பொருத்தி வைத்து, மின்னல் போன வழியை ஆராய்ந்தார்! 1922-ல் ஆய்வுக்கூடத்திலேயே செயற்கை மின்னலை உண்டாக்கினார். ஒரு லட்சம் வோல்ட்டுக்கு மேல். வேடிக்கைக்காக அல்ல, மின்கம்பிகளைக் காக்கும் சாதனங்களைச் சோதித்துப் பார்க்கத்தான்.

இன்றைய டேட்டா சென்டரிலும் அதே பிரச்னைதான். ஒரு ரேக்கில் ஷார்ட் ஆனால் அதற்குப் பக்கத்து பிரேக்கர் மட்டும் ட்ரிப் ஆக வேண்டும். மேலே உள்ள மெயின் பிரேக்கர் விழுந்தால் அதன் கீழுள்ள அத்தனையும் போச்சு! வெளி சப்ளையில் ஓடும்போது ஃபால்ட் கரண்ட் ஏராளமாக வரும். பேட்டரியில் ஓடும்போது யு.பி.எஸ். இன்வர்ட்டர் தன் ரேட்டிங்கைப்போல் இரண்டு மூன்று மடங்குதான் தரும். அந்தக் கரண்டுக்குப் பெரிய பிரேக்கர் சட்டென்று விழாது. ஆகவே இரண்டு நிலைக்கும் தனித்தனியே கணக்குப் போட்டுத்தான் ரிலே, பிரேக்கர் செட்டிங் வைக்கிறோம். ஆபத்து வருவதற்கு முன்பே காகிதத்தில் அதைச் சந்தித்துவிடுவது: இதுதான் ஸ்டைன்மெட்ஸ் காட்டிய வழி.

தன் குறை குழந்தைகளுக்கும் வரக்கூடாது என்று அவர் திருமணமே செய்துகொள்ளவில்லை. உதவியாளர் ஒருவரை மகனாகத் தத்தெடுத்து, அவர் குழந்தைகளுக்குத் தாத்தாவாக வாழ்ந்தார். யூனியன் கல்லூரியில் பேராசிரியராகப் பாடம் நடத்தினார். நகரின் கல்விக் குழுவுக்குத் தலைவராக இருந்தார். 1923 அக்டோபர் 26-ல், 58 வயதில் காலமானார்.

தம்பி தங்கைகளே, இன்று ஃபால்ட் கணக்கை சாஃப்ட்வேர் ஒரு நொடியில் போட்டுத் தருகிறது. நல்லதுதான். ஆனால் அது தரும் எண் சரியா என்று பார்க்க, ஒருமுறையாவது அந்தக் கணக்கைக் கையால் போட்டிருக்க வேண்டாமா? துறைமுகத்திலேயே திருப்பி அனுப்பப்பட இருந்த அந்தக் குள்ள மனிதர் நமக்கு விட்டுப்போன சொத்து அது. விட்டுவிடாதீர்கள்!

வாழ்க நம் கல்லூரி!