'ஸ்டூடன்ட்' என்று கையெழுத்திட்ட பியர் ஆலை ஊழியர்

வணிகப் புள்ளிவிபரவியல் படித்தவர்களுக்கு ரி-சோதனை நினைவிருக்கும். பாடநூல்களில் அதை 'ஸ்டூடன்ட் ரி-சோதனை' என்று போட்டிருப்பார்கள். மாணவர்கள் செய்யும் சோதனை என்பதால் அந்தப் பெயர் வந்தது என்று நினைத்துக்கொண்டே பரீட்சை எழுதி முடித்தவர்கள் பலர். அது ஒரு மனிதரின் புனைபெயர். அவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்ல. அயர்லாந்தின் டப்ளின் நகரில் இருந்த கின்னஸ் பியர் ஆலையில் சம்பளத்துக்கு வேலை செய்தவர். இயற்பெயர் வில்லியம் சீலி கோசெற்.

ஊடகக் கற்கைகளில் பட்டம் முடித்து, இன்று சுயாதீனமாகச் செய்தி எழுதும் எனக்கு இவர் மீது அக்கறை வந்ததற்குக் காரணம் அறிக்கைகள். வாழ்வாதார உதவி, கடன் திட்டம், உளவளத்துணை என்று எங்கள் பிரதேசங்களில் நடந்த எதைப் பற்றி எழுதினாலும் ஓர் ஆய்வறிக்கை கைக்கு வரும். உதவி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்ற வரி அதன் கடைசிப் பக்கங்களில் எங்காவது இருக்கும். அந்த ஒற்றை வரியை வைத்துத் திட்டங்களை நிறுத்தவும் முடியும், நீடிக்கவும் முடியும். அந்த வரி எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போனால், வழியில் கோசெற் நிற்கிறார்.

கோசெற் 1876 ஜூன் 13 அன்று இங்கிலாந்தின் கான்ரபரி நகரில் பிறந்தார். தந்தை இராணுவப் பொறியியல் படையில் அதிகாரி. மகனும் அதே படைக்குப் போகத்தான் விரும்பினார். கண்பார்வை குறைவு என்பதால் அது கைகூடவில்லை. ஒக்ஸ்போர்ட்டில் கணிதமும் இரசாயனமும் படித்து, இரண்டிலும் முதல்தரச் சித்தி பெற்றார். 1899இல் கின்னஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். அக்காலத்தில் அந்த நிறுவனம் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பட்டதாரிகளை வேலைக்கு எடுத்து, பியர் காய்ச்சுவதை அறிவியல் முறைப்படி செய்யத் தொடங்கியிருந்தது.

ஆலையில் அவருக்கு முன்னால் இருந்த பிரச்சினை எளிமையானது. எந்தப் பார்லி வகை நல்ல விளைச்சல் தருகிறது? ஒரு திரவத்தில் மதுவக் கலங்கள் எத்தனை இருக்கின்றன? மதுவம் குறைந்தால் நொதித்தல் முற்றுப்பெறாது, கூடினால் பியர் கசக்கும். இப்படியான கேள்விகளுக்குப் பதில் சொல்ல அவரிடம் இருந்த தரவு மிகக் கொஞ்சம். ஒரு பார்லி வகையை ஆண்டுக்கு ஒரு தடவைதான் விதைத்து அறுக்கலாம். நான்கு வயல்களின் விளைச்சல் கையில் இருந்தால் அதுவே பெரிய விடயம்.

அக்காலப் புள்ளிவிபரவியல் பெரிய எண்ணிக்கைகளுக்காக உருவானது. நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் அளவீடுகள் இருந்தால்தான் அதன் சூத்திரங்களை நம்பலாம். 1904இல் ஆலைக்கு உள்ளக அறிக்கை ஒன்றை எழுதிய கோசெற், கணித ரீதியாக உதவி வேண்டும் என்று உணர்ந்தார். மறு ஆண்டு, அத்துறையில் இங்கிலாந்தின் முதன்மையானவராக இருந்த கார்ல் பியர்சனைச் சந்தித்தார். 1906-07இல் ஆலையின் அனுமதியுடன் லண்டன் யுனிவேர்சிற்றி கல்லூரியில் பியர்சனின் ஆய்வுகூடத்தில் இருந்து படித்தார். பியர்சனுக்குச் சிறிய மாதிரிகளில் பெரிய ஆர்வம் இருக்கவில்லை. கோசெற்றுக்கோ சிறிய மாதிரியை விட்டால் வேறு எதுவும் இல்லை.

1908இல் 'பயோமெட்ரிக்கா' சஞ்சிகையில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. வர்த்தக இரகசியங்கள் வெளியே போகக்கூடாது என்பதால் ஊழியர்கள் சொந்தப் பெயரில் எழுத நிறுவனம் அனுமதிக்கவில்லை. ஆகவே அவர் 'ஸ்டூடன்ட்', அதாவது மாணவன், என்று கையெழுத்திட்டார். அந்தக் கட்டுரை சொன்னது இதுதான். நான்கு அளவீடுகளை வைத்து இடையைக் கணிக்கிறோம். அதே நான்கை வைத்துத்தான் நியம விலகலையும் கணிக்கிறோம். அந்த விலகலே நிச்சயமற்றது. அதை மறந்துவிட்டு வழமையான அட்டவணையைப் பார்த்தால், எங்களுக்கு இருக்கவேண்டியதைவிடக் கூடுதலான நம்பிக்கை வந்துவிடும்.

எவ்வளவு கூடுதல்? பெரிய மாதிரியில், இடையின் இரு பக்கமும் நியம வழுவின் 1.96 மடங்கு தூரத்தை எடுத்தால் 95 சதவீத நம்பிக்கை கிடைக்கும். பத்து அளவீடுகள்தான் என்றால் அந்தத் தூரம் 2.26 மடங்காக வேண்டும். நான்கு என்றால் 3.18 மடங்கு. இதைக் கணிதத்தால் வருவித்ததோடு அவர் நிற்கவில்லை. சிறைக் கைதிகள் 3,000 பேரின் உயரத்தையும் நடுவிரல் நீளத்தையும் அட்டைகளில் எழுதிக் கலைத்து, நான்கு நான்காகப் பிரித்து 750 மாதிரிகளாக்கி, தன் சூத்திரம் சரிவருகிறதா என்று பார்த்தார்.

பல ஆண்டுகளாக இதைப் பலர் கவனிக்கவில்லை. கவனித்தவர் ரொனால்ட் பிஷர் என்ற இளைஞர். கோசெற்றின் சூத்திரத்துக்கு முழுமையான கணித நிறுவலைக் கொடுத்து, இன்றைய ரி வடிவத்துக்குக் கொண்டுவந்து, 1925இல் தனது நூலின் மூலம் உலகெங்கும் பரப்பியவர் அவர்தான். 5 சதவீதம் என்ற எல்லைக்கோடு பழக்கத்துக்கு வந்ததும் அந்த நூலால்தான். பிஷரும் பியர்சனும் ஒருவரை ஒருவர் சகிக்காதவர்கள். இருவரோடும் கடைசிவரை நட்பாக இருந்தவர் கோசெற்.

கருதுகோள் சோதனையின் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில், வித்தியாசம் எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்கிறோம். அதுதான் சூனியக் கருதுகோள். பிறகு, அது உண்மையானால் எங்கள் கையிலுள்ள தரவு வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று கேட்கிறோம். வாய்ப்பு மிகக் குறைவு என்றால் சூனியக் கருதுகோளை நிராகரிக்கிறோம். வாய்ப்பு அவ்வளவு குறைவில்லை என்றால் நிராகரிக்க முடியவில்லை என்கிறோம். அதற்காக வித்தியாசம் இல்லை என்பது நிரூபணமாகிவிடாது. பதினைந்து குடும்பங்களைக் கேட்டு எழுதிய அறிக்கையில் 'குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை' என்று இருந்தால், பதினைந்து குடும்பங்கள் போதவில்லை என்பதும் அதன் பொருளாக இருக்கலாம்.

1926இல் பியர்சனின் மகன் ஈகனுக்கு எழுதிய கடிதத்தில் கோசெற் இன்னொன்றையும் சுட்டிக்காட்டினார். ஒரு கருதுகோளின்படி தரவு அரிதானது என்பதற்காக மட்டும் அதைக் கைவிட முடியாது, அந்தத் தரவை நன்றாக விளக்கும் வேறொரு கருதுகோள் இருக்கவேண்டும் என்றார். அந்த எண்ணத்திலிருந்துதான் ஈகன் பியர்சனும் ஜேர்சி நெய்மானும் மாற்றுக் கருதுகோளையும், இரண்டு வகை வழுக்களையும் வடிவமைத்தார்கள். இல்லாத பலனை இருப்பதாகச் சொல்வது முதலாம் வகை வழு. இருக்கும் பலனை இல்லை என்று விடுவது இரண்டாம் வகை வழு.

கோசெற் வியாபார நிறுவனத்தில் இருந்தவர். ஆகவே எவ்வளவு நிச்சயம் வேண்டும் என்பதற்கு ஒரே எல்லைக்கோடு கிடையாது என்று தொடக்கத்திலிருந்தே சொல்லிவந்தார். பரீட்சிக்க ஆகும் செலவு என்ன, பிழைத்தால் நட்டம் எவ்வளவு என்பதைப் பார்த்து முடிவெடுக்கவேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. நான் இதோடு ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்கிறேன்: நட்டம் யாருக்கு? ஓர் உதவித் திட்டத்தில் முதலாம் வகை வழு நடந்தால் பணம் கொடுத்தவருக்கு நட்டம். இரண்டாம் வகை வழு நடந்தால், பலன் கிடைத்துக்கொண்டிருந்த குடும்பத்துக்கு நட்டம். அறிக்கை எழுதுபவரின் மேசையில் முதலாவது நட்டம்தான் பெரிதாகத் தெரியும்.

அவர் வாழ்க்கையில் என்னை அதிகம் பிடித்து நிறுத்தியது 1931இல் அவர் எழுதிய ஒரு விமர்சனம். முந்தைய ஆண்டு ஸ்கொட்லாந்தின் லனார்க்ஷயரில் 67 பாடசாலைகளில் 20,000 பிள்ளைகளை வைத்து ஒரு பரிசோதனை நடந்தது. 10,000 பிள்ளைகளுக்கு நாளாந்தம் முக்கால் பைந்து பால். மற்ற 10,000 பேருக்கு இல்லை. நான்கு மாதங்களில் யார் கூடுதலாக வளர்ந்தார்கள் என்று நிறுத்தும் அளந்தும் பார்த்தார்கள். பிள்ளைகளைத் தெரிந்தபின், ஒரு குழுவில் போசாக்குள்ளவர்கள் அல்லது போசாக்கற்றவர்கள் கூடிவிட்டதாகப் பட்டால் மாற்றிக்கொள்ள ஆசிரியர்களுக்கு அனுமதி இருந்தது.

ஆசிரியர்கள் மாற்றினார்கள். மெலிந்த பிள்ளைக்குப் பால் கிடைக்கட்டும் என்று நினைத்திருப்பார்கள். விளைவு, பால் பெறாத குழு தொடக்கத்திலேயே நிறையில் மூன்று மாத வளர்ச்சியும் உயரத்தில் நான்கு மாத வளர்ச்சியும் முன்னால் இருந்தது. பெப்ரவரிக் குளிரில் தடித்த உடுப்போடு நிறுத்த பிள்ளைகளை ஜூன் மாதம் மெல்லிய உடுப்போடு நிறுத்தார்கள். களைவதற்குத் தடித்த உடுப்பே இல்லாத ஏழைப் பிள்ளைகள் பால் குழுவில்தான் அதிகம். 20,000 பேரை அளந்தும் கணக்குச் சரிவரவில்லை. 50 சோடி ஒத்த இரட்டையர்களை எடுத்து, ஒருவருக்குப் பால் கொடுத்து மற்றவருக்குக் கொடுக்காமல் பார்த்திருந்தால், மிகச் சிறிய செலவில் நம்பகமான பதில் கிடைத்திருக்கும் என்று கோசெற் காட்டினார்.

அந்த ஆசிரியர்களை என்னால் குறைசொல்ல முடியாது. நிவாரண வரிசையைக் கண்ட எவராலும் முடியாது. ஆனால் அவர்களுடைய இரக்கம் பரிசோதனையைக் குழப்பியது. மிகவும் நொந்தவர்களுக்கு முதலில் உதவி போகும் இடத்திலெல்லாம் இதுதான் நடக்கும். பிறகு உதவி பெற்றவர்களையும் பெறாதவர்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், உதவி பயனற்றது போலத் தெரியும். அவர்கள் எங்கிருந்து தொடங்கினார்கள் என்பது அந்தக் கணக்கில் வராது.

1916 ஈஸ்டர் கிளர்ச்சி, சுதந்திரப் போர், உள்நாட்டுப் போர் எல்லாம் டப்ளினைக் கடந்துபோன ஆண்டுகளில் கோசெற் அங்கேதான் பார்லிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். மனைவி மார்ஜரி, பிள்ளைகள், பழத்தோட்டம், தானே கட்டிய படகு, மீன்பிடி என்று அமைதியான வாழ்க்கை. பழகியவர்களுக்கு அவர் அடக்கமானவர், எவர் கேட்டாலும் உதவுபவர். 1935இல் லண்டன் பார்க் ரோயலில் அமைந்த புதிய கின்னஸ் ஆலைக்குப் பொறுப்பாகப் போனார். 1937 ஒக்ரோபர் 16 அன்று, 61ஆவது வயதில் காலமானார்.

அவர் கொடுத்துவிட்டுப் போன கேள்விகளைக் கேட்கப் பட்டம் தேவையில்லை. எத்தனை பேரைக் கேட்டீர்கள்? அவர்களை யார், எப்படித் தெரிந்தார்கள்? ஒப்பிட்டவர்கள் தொடக்கத்தில் ஒரே நிலையில் இருந்தார்களா? இந்த முடிவு பிழைத்தால் நட்டம் யாருக்கு? அடுத்த முறை படிவத்தோடு ஒருவர் உங்கள் படலையைத் திறந்து வந்தால், பதில் சொல்வதற்கு முன் நீங்களும் இவற்றைக் கேட்கலாம்.