கணித மேதையின் தீரா நோய்

கணித மேதை சீனிவாச இராமானுஜனை அறியாத தமிழர் இலர். அவர்தம் எண்ணாற்றலைப் பலரும் போற்றியுள்ளனர்; அவரை இளமையிலேயே பறித்துச் சென்ற நோயைப் பற்றிப் பேசுவோர் சிலரே. அதனை இம்மலரில் சிறிது நோக்குவோம்.

1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன், 1912 இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் நம்மனையோரைப் போல் ஒரு குமாஸ்தாவாக அமர்ந்தார். கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹார்டியின் அழைப்பை ஏற்று 1914 மார்ச் 17 இல் கப்பலேறினார். அங்கே தாமே சமைத்துச் சைவ உணவே உண்டார். உலகப்போரால் உணவுப் பொருள்கள் அரிதாயின.

1917 இளவேனிலில் நோய் கண்டது. வயிற்றில் நோவு, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், நாளும் மெலியும் உடல். மருத்துவர்கள் முதலில் இரைப்பைப் புண் என்றனர். பின்னர்க் காசம் என்றனர். முன்பு இந்தியாவில் செய்துகொண்ட அறுவையை எண்ணி, ஈரலில் புற்றோ என ஐயுற்றவரும் உண்டு. மெண்டிப் குன்று, மாட்லாக், இலண்டன் என விடுதிகள் மாறின, வலி மாறவில்லை. 1918 இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினர் என்னும் பெருமை அவரைத் தேடி வந்தது. நோயின் உண்மைப் பெயர் மட்டும் வரவில்லை.

1919 இல் தாயகம் திரும்பினார். இங்கும் காசம் என்றே மருத்துவம் நடந்தது. துணைவியார் ஜானகி அம்மாள் வேளை தவறாது சோறும் மோரும் எலுமிச்சைச் சாறும் அளித்தார்; வலி கண்டபோது வெந்நீர் ஒற்றடம் கொடுத்தார். அவ்வெந்நீர் வைத்த இரு பாத்திரங்களை முதுமை வரை போற்றி வைத்திருந்தார். நோய்ப்படுக்கையிலும் இராமானுஜன் கணக்கை விட்டாரில்லை. 1920 ஏப்ரல் 26 அன்று, சென்னைச் சேத்துப்பட்டில், 32 ஆம் வயதில் மறைந்தார்.

1994 இல் டி. ஏ. பி. யங் என்பார் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, அந்நோய் காசமன்று, ஈரலைப் பற்றிய அமீபா நோயே என்னும் முடிவுக்கு வந்தார். 1906 இல் சென்னையில் மாணவராயிருந்தபோது இராமானுஜன் சீதபேதியால் துன்புற்றிருந்தார். அக்கிருமி குடலிலிருந்து ஈரலுக்கு ஏறி, ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருந்து மீண்டும் தாக்கவல்லது. அதற்கு எமெட்டின் என்னும் மருந்து அக்காலத்திலேயே வழங்கியது. யங் கண்டது சரியெனின், மருந்து இருந்தும் நோய் இன்னதென்று தெரியாமையால் ஒரு பேரறிவை இழந்தோம்.

ஊர்விட்டுப் பெங்களூரில் வாழும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. சொந்த ஊரில் நம் உடம்பை இளமை முதல் அறிந்த வைத்தியர் ஒருவர் இருப்பார். இங்கோ, நாம் வாய்திறந்து சொன்னாலன்றி மருத்துவர் நம் பழைய நோய்களை அறியார். தீராத வயிற்று நோவைச் சூட்டினால் வந்ததென்று தள்ளாமல், என்றோ கண்ட பேதியையும் காய்ச்சலையும் ஒளியாது உரைப்போம். மேதையின் வாழ்வு நமக்கு விட்டுச்சென்ற எச்சரிக்கை இதுவே.